பைலட் பஞ்சமாம், தம்பிக்கு மட்டும் வேலை இல்லை

"அண்ணா, ராஸ் அல் கைமாவுல ஏதாவது ஏர்லைன்ஸ்ல சொல்லி வைக்க முடியுமா?" திருச்சியிலிருந்து சித்தி மகன். 200 மணி நேரம் பறந்து சிபிஎல் வாங்கி ஒன்றரை வருஷம். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது.

சொல்லி வைக்க இங்கே சொந்த நிறுவனமே இல்லை. ராக் ஏர்வேஸ் 2014 தொடக்கத்திலேயே சேவையை நிறுத்திவிட்டது. வளைகுடாவின் பெரிய நிறுவனங்களோ அனுபவ மணிகளை ஆயிரக்கணக்கில் கேட்கின்றன.

2023இல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததும் 'பைலட் பஞ்சம்' என்ற பேச்சு கிளம்பியது. பயிற்சிப் பள்ளிகளுக்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? ஆனால் பஞ்சம் கேப்டன்களுக்குத்தான். அந்த இருக்கைக்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்கே 1,500 மணி நேரம் ஆகணும். நடுவில் உள்ள 1,300 மணியைச் சம்பளத்தோடு பறக்கத்தான் முதல் வேலை. அதற்கும் ஏ320 டைப் ரேட்டிங்கைப் பெரும்பாலும் சொந்தக் காசில் முடிக்கணும். ஐ.டி.யில் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தும் சம்பளம் கொடுத்தார்கள்.

யாராவது ஆள் எடுப்பதாக அறிவிக்கும்வரை ரேட்டிங்குக்குப் பணம் கட்டாதே என்றேன். "அதுவரைக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருஷா வருஷம் புதுப்பிக்கணுமே அண்ணா, அதுக்கும் காசுதான்" என்றான்.