தில்லைக் கூத்துக்குச் செர்னில் சான்றிதழா?

மார்கழித் திருவாதிரை நெருங்கினால் போதும், ஜெனீவா செர்ன் ஆய்வகத்தில் நிற்கும் இரண்டு மீட்டர் உயர நடராஜர் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அணுவுக்குள் ஆடுவது சிவனே என்று விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டதாகக் கூடவே ஒரு வாசகம். சாட்சியாக ஒரு பெயர்: ஃபிரிட்ஜாஃப் காப்ரா. வியன்னாவில் டாக்டர் பட்டம் பெற்ற துகள் இயற்பியலாளர், 1975-இல் வெளிவந்த ‘தி தாவோ ஆஃப் பிசிக்ஸ்’ நூலின் ஆசிரியர். அவரே சொல்லிவிட்ட பிறகு மறுபேச்சு எதற்கு என்கிறார்கள்.

முதலில் சிலை. அது இந்திய அணுசக்தித் துறை கொடுத்த பரிசு. 1960-களிலிருந்து தொடரும் உறவின் அடையாளமாக 2004 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது. நாம் சீராகக் கொடுத்த குத்துவிளக்கைச் சம்பந்தி வீட்டார் கூடத்தில் வைத்திருப்பதைக் காட்டி, நம் குலதெய்வத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னால் எப்படி? பக்கத்துப் பலகையில் காப்ராவின் வரிகள் இருப்பது உண்மைதான். அவை அவருடைய உவமை. ஆய்வகத்தின் முடிவு அல்ல.

அந்த உவமை பிறந்த இடம் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் கடற்கரை. 1969 கோடையில் அலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு, விண்ணிலிருந்து பொழியும் துகள்கள் தோன்றி மறைவதெல்லாம் சிவனின் ஆட்டமாகத் தெரிந்ததாம். ஒருவருக்கு வாய்த்த அனுபவத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் காப்ரா ‘நிரூபணம்’ என்று சொல்லவே இல்லை, ‘இணைகள்’ என்றுதான் சொல்கிறார். அறிவியலுக்கு ஞானமார்க்கம் தேவையில்லை, ஞானமார்க்கத்துக்கு அறிவியல் தேவையில்லை, மனிதனுக்குத்தான் இரண்டும் வேண்டும் என்பது அவரே நூலின் முடிவுரையில் எழுதியது. பரப்புகிறவர்கள் அதுவரை புரட்டவில்லை போலும்.

சரி, அந்த இணைகளாவது நிற்கின்றனவா? அவர் பெரிதும் நம்பியது பெர்க்லியில் ஜெஃப்ரி சியூ முன்வைத்த ‘பூட்ஸ்டிராப்’ கோட்பாட்டை. அதன்படி அடிப்படைத் துகள் என்று எதுவுமே இல்லை. ஒவ்வொரு துகளும் மற்றத் துகள்களால் ஆனது. எல்லாம் எல்லாவற்றிலும் உண்டு என்ற கீழைத்தேயச் சிந்தனைக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதுதான் வினை. புரோட்டானுக்குள் புள்ளி போன்ற பொருள்கள் இருப்பதை ஸ்டான்ஃபோர்டு சோதனைகள் 1960-களின் இறுதியிலேயே காட்டத் தொடங்கியிருந்தன. 1974 நவம்பரில், அதாவது நூல் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஸ்டான்ஃபோர்டிலும் புரூக்ஹேவனிலும் ஜே/சை துகள் அகப்பட்டது. அதன்பின், புரோட்டானுக்குள் இருக்கும் அந்தப் பொருள்களான குவார்க்குகளைச் சந்தேகித்தவர்களும் வழிக்கு வந்தார்கள். வலுவிசைக்கு விளக்கமாக இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது குவார்க் கோட்பாடு. பூட்ஸ்டிராப் அந்த இடத்தை இழந்துவிட்டது. ஞானிகள் சொன்னதற்கு அந்தக் கோட்பாடுதான் ஆதாரம் என்றால், அது சரிந்த அன்று ஞானிகளும் தோற்றார்களா? அப்படி எந்தப் பக்தரும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஜெயித்தால் மட்டும் நம்முடையது என்று கொண்டாடுவது ஆதாரம் ஆகாது.

குவாண்டம் முன்னோடிகளே இந்தியாவிடம்தான் கற்றார்கள் என்பது அடுத்த வாதம். ஹைசன்பர்க் கல்கத்தாவில் தாகூரைச் சந்தித்தது 1929-இல். நிச்சயமின்மைத் தத்துவத்தை அவர் வெளியிட்டது 1927-இல். ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தில் மெய்யாகவே தோய்ந்தவர். ஆனால் 1926-இல் அவர் எழுதிய சமன்பாடு ஏற்கப்பட்டது ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் நிலைகளைச் சரியாகத் தந்ததால். உபநிடதத்தைத் தொடாதவர் போட்டாலும் அந்தக் கணக்குக்கு அதே விடைதான்.

‘பார்ப்பவன் இல்லாமல் பொருள் இல்லை’ என்று குவாண்டத்தின் பேரில் சொல்வதும் அப்படித்தான். அளக்கும்போது என்ன நடக்கிறது என்ற அளவீட்டுச் சிக்கல் இன்னும் தீராத விவாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செர்னில் நடப்பதைப் பாருங்கள். நொடிக்கு நான்கு கோடி முறை புரோட்டான் கொத்துகள் குறுக்கிடுகின்றன. எதைச் சேமிப்பது என்று மின்னணுச் சுற்றுகளும் கணினிகளும் முடிவுசெய்து, மிகப் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடுகின்றன. எந்த மனிதக் கண்ணும் அங்கே குறுக்கே வருவதில்லை.

இயற்பியலைக்கூட விடுங்கள், இதில் அதிகம் நட்டப்படுவது சைவம்தான். கீழைத்தேய மரபுகள் அனைத்தும் ‘எல்லாம் ஒன்றே’ என்கின்றன என்பது காப்ராவின் அடித்தளம். நம் சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், தளை மூன்றும் அநாதி என்கிறது. இறைவனோடு இரண்டறக் கலந்த பிறகும் உயிர் உயிராகவே இருக்கிறது. இதற்காக மாயாவாதிகளோடு நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டிய மரபை, ஒரே வரியில் ‘கிழக்கு’ என்று மூட்டைகட்டிவிடுகிறார் காப்ரா.

அறிவியல் படித்தும் சிவ நடனத்துக்கு வேறு வழியில் பொருள் சொன்னவர் உண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி அடிப்படையில் நிலவியலாளர். இலங்கையில் தோரியானைட் என்ற கதிரியக்கக் கனிமத்தைக் கண்டறிந்தவர். கதிரியக்கம் உலகையே வியக்கவைத்த காலம் அது. ஆனாலும் சிவ நடனத்தை விளக்கத் திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும்தான் அவர் புரட்டினார். அறிவியல் என்ற சொல்லை அவரும் ஓரிடத்தில் தொட்டார்தான். ஆனால் பொருள் சொன்னது அந்த நூல்களைக் கொண்டு: உடுக்கை படைத்தல், அபயக்கரம் காத்தல், தீ அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், தூக்கிய திருவடி அருளல். ஐந்தொழில்.

தூக்கிய திருவடியையும் முயலகனையும் காப்ராவும் வர்ணிக்கிறார். துகள்களோடு ஒப்பிடும் இடம் வந்ததும் பெரும்பாலும் தோற்றமும் அழிவும்தான் மிஞ்சுகின்றன. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி ஒளியாவதை அழித்தல் என்று வைத்துக்கொள்வோம். அதில் உயிரை மறைக்கும் ஆணவ மலம் எது? எந்த உயிர் பக்குவப்பட்டது? சித்தாந்திக்குக் கூத்தின் நோக்கமே அந்த உயிரின் விடுதலை.