நட்கர்னியின் 131 பந்துகள்

1964 ஜனவரி, சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கு. இங்கிலாந்துக்கு எதிரான முதல் இன்னிங்ஸில் பாபு நட்கர்னி வீசியவை 32 ஓவர்கள். அவற்றில் 27 மெய்டன், கொடுத்தது 5 ஓட்டம், விக்கெட் இல்லை. இடையே 21 மெய்டன்கள் தொடர்ச்சியாக. 131 பந்துகளில் ஓர் ஓட்டமும் இல்லை. ‘கஞ்சப் பந்துவீச்சாளர்’ என்று சிரித்துக் கடக்கிறோம். எனக்கு உடன்பாடில்லை. அவரது துல்லியத்தை மறுக்கவில்லை. ஆனால் இச்சாதனையில் பாதி, தடுத்தாடுவதையே தேர்ந்துகொண்ட பாரிங்டன், போலஸ் ஆகியோருடையது. சாதனைப் பட்டியலில் அவர்கள் பெயர் கிடையாது. இருவர் உரையாடலில் ஒருவர் பேச்சை மட்டும் எழுத்துப்பெயர்த்தால் அதை எந்த மொழியியலாளரும் தரவாக ஏற்கமாட்டார். பந்துவீச்சுக் கணக்கை மட்டும் ஏன் ஏற்கிறோம்? அத்தொடரின் ஐந்து டெஸ்டுகளுமே வெற்றிதோல்வியின்றித்தான் முடிந்தன.