தொடுதிரைக் காலத்தில் எழுத்தறிவு

பிள்ளைகளின் கையில் திறன்பேசி இருக்கலாமா, கூடாதா என்னும் வாதம் பட்டிமன்றத் தலைப்பாகிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒரு தரப்பார் அதனைக் கையடக்க நூலகம் என்கின்றனர். மறு தரப்பார் கண்ணையும் கருத்தையும் கெடுக்கும் நஞ்சு என்கின்றனர். நடுவர் எவ்வாறு தீர்ப்பளித்தாலும், அரங்கைவிட்டு வெளியேறும்போது இரு தரப்பார் கையிலும் அக்கருவி ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பட்டிமன்றத்துக்கே விட்டுவிட்டு, வேறொரு வினாவை முன்வைக்க விழைகிறோம். கற்றல் என்னும் செயலில் எந்தப் பகுதியை இக்கருவி தானே செய்து முடித்துவிடுகிறது? எந்தப் பகுதியைப் பிள்ளைக்கு விட்டுவைக்கிறது?

கற்கும் கருவி மாறுவது தமிழர்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, பின்னர் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வந்தது. சுவடிகள் அரியனவாக இருந்தமையால் நிகண்டும் நீதிநூலும் எண்சுவடியும் நெஞ்சில் ஏற்றப்பட்டன. 1835இல் இந்தியர் அச்சகம் வைத்துக்கொள்வதற்கிருந்த தடைகள் நீங்கிய பிறகு, அச்சுநூல்கள் பெருகின. மனப்பாடத்தின் தேவை மெல்லக் குறைந்தது. அச்சுநூல் நினைவின் சுமையைத் தான் வாங்கிக்கொண்டது எனலாம். ஆயினும் அது வாசிக்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே வாய் திறந்தது. எழுத்தறியாதவன் முன் அது வெறும் காகிதக் கட்டு.

திறன்பேசி அத்தகைய நிபந்தனை எதனையும் விதிப்பதில்லை. அகரம் அறியாத நான்கு வயதுக் குழந்தை ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு, தான் விரும்பும் பாட்டின் பெயரைச் சொல்கிறது, பாட்டு வருகிறது. கதை வேண்டுமெனில் கதை வருகிறது. பத்து வயதில் வீட்டுப்பாட வினாவை வாயால் கேட்டால் விடையும் வாய்மொழியாகவே வந்து சேருகிறது. நினைவின் சுமையை அச்சு வாங்கிக்கொண்டதுபோல, வாசிப்பின் சுமையைத் திறன்பேசி வாங்கிக்கொண்டிருக்கிறது. நம் கவலை தொடங்கும் இடம் இதுவே.

கேட்டுக் கற்பது இழிவா என்று வினவலாம். இல்லை. கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்றே தனியதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். ஆனால் அந்தக் கேள்வி கற்றார்முன் அமர்ந்து பெறுவது. சொல்பவர் கேட்பவரின் முகத்தைப் பார்க்கிறார், புரியாவிடில் நிறுத்துகிறார், மறுநாள் 'நேற்று சொன்னதைச் சொல்' என்கிறார். திரையில் ஓடும் காணொளி அவ்வாறு நிற்பதில்லை. ஒன்று முடியுமுன் அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்துவதே அதன் தொழில்.

வாசிக்க இயலாமையை இக்கருவி மறைத்துவிடுகிறது என்பது இதன் விளைவுகளுள் முதன்மையானது. முன்னாளில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை ஓரிரு வாரங்களில் வெளிப்பட்டுவிடும். இன்று அப்பிள்ளை கருவியைச் சரளமாக இயக்குகிறது. வேண்டியதைத் தேடி எடுக்கிறது. பெற்றோர் 'என் பிள்ளைக்குத் தெரியாதது இல்லை' எனப் பூரிக்கின்றனர். நான்கு வரிப் பத்தியை வாசிக்கச் சொல்லும் நாள் வரும்போதுதான் உண்மை புலப்படுகிறது.

பெருந்தொற்றுக் காலம் இதனைக் கூர்மையாக்கியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020இல் முதல் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, இரண்டாம் வகுப்பின் நடுவில்தான் முதன்முறையாக வகுப்பறையைக் கண்டது. அந்த இடைவெளியில் வீட்டுக்குள் நுழைந்த ஆசிரியர் திறன்பேசிதான். அதுவும் எல்லா வீட்டிலும் இல்லை. இருந்த ஒன்றும் காலையில் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். இரவில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே வழக்காகும். 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அந்த இழப்பை ஈடுசெய்ய எழுந்தவையே. முன்னது தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்பியது. ஈராண்டளவு திரைவழி பயின்ற பிள்ளைகளுக்கு மருந்தாக அரசு தேர்ந்தது, எதிரே அமர்ந்து சொல்லித்தரும் ஓர் ஆளை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்திய ஊர்ப்புறங்களில் எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வறிக்கை மற்றொரு செய்தியைத் தருகிறது. 14 முதல் 16 வயதினருள் 80 விழுக்காட்டினர்க்கு மேல் திறன்பேசியை இயக்கத் தெரிந்தவர்கள். அவர்களுள், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் அதனைக் கல்விக்காகப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 76 விழுக்காடு. கருவி கைக்கு வந்துவிட்டது. அது எதற்கு என்பதைச் சொல்லித்தர ஆள் வரவில்லை.

ஆள் வந்தால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ் மண்ணோடு தொடர்புடைய சான்றே உண்டு. 1999இல் தில்லியின் கால்காஜியில் சுவரில் துளையிட்டுக் கணினியைப் பொருத்தி, சேரிப் பிள்ளைகளைத் தாமாகவே பழகவிட்டவர் சுகத மித்ரா. அவரும் ரிது தங்வாலும் பின்னர் காளிக்குப்பம் என்னும் சிற்றூரில் ஒரு சோதனை செய்து, 2010இல் வெளியிட்டனர். தமிழ் பேசும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மூலக்கூற்று உயிரியல் பாடங்கள் கணினியில் தரப்பட்டன, ஆசிரியர் இல்லை. தாமே முயன்று அவர்கள் அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவர்க்கு ஒப்பான மதிப்பெண் பெற்றனர். அதன்பின் அப்பாடம் அறியாத ஒருவர் அவர்களோடு இருந்து ஊக்கப்படுத்தினார். பிள்ளைகள் தில்லியின் உயர்தரத் தனியார் பள்ளி மாணவரை எட்டிப் பிடித்தனர். 'ஆசிரியர் வேண்டா' என்பார்க்கு இச்சோதனையின் முற்பாதி இனிக்கும். நமக்கு அதன் பிற்பாதியே பாடம். பாட்டி செய்யும் வேலை அது: 'அடடே, இதெல்லாம் உனக்குத் தெரியுமா? எனக்கும் சொல்லேன்.'

கருவியை மட்டும் வழங்கி நின்ற நாட்டின் கதையும் உண்டு. பெரு நாடு பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கியது. 2012இல் வெளியான மதிப்பீடு, கணக்கிலோ மொழியிலோ அதனால் முன்னேற்றம் விளைந்ததாகச் சான்று காணவில்லை. இளஞ்சிறார் பள்ளிகளிலும் மின்கருவிகளைப் புகுத்த முனைந்த சுவீடன், 2023இல் திரும்பி நின்று அச்சுப் பாடநூல்களுக்குப் பணம் ஒதுக்கியது. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஆராய்ச்சி, தகவல் சார்ந்த உரைநடையைத் திரையில் படிப்போரினும் தாளில் படிப்போர் நன்கு புரிந்துகொள்வதைக் காட்டியது. கதைகளை மட்டும் படித்தபோது அவ்வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் தனியானதொரு சிக்கலும் உண்டு. நாம் கல்லூரியில் காணும் மாணவர் பலர் தமிழை உரோமன் எழுத்துகளில் தட்டியே பழகியவர்கள். 'அவள்', 'அவல்' இரண்டும் அவர்கள் விரலுக்கு ஒன்றே. எது வேண்டும் என்பதைக் கருவி ஊகித்துத் தருகிறது. கையால் எழுதும்போது லகரமா, ளகரமா, ழகரமா என மாணவன் ஒரு கணம் நிற்க வேண்டும். அந்த நிற்றலில்தான் சொல் மனத்தில் பதிகிறது. கரும்பலகையில் எழுதியதை ஏட்டில் எழுதாமல் படம்பிடித்துச் செல்லும் மாணவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லாமற் போகிறது. படம் அவனிடம் இருக்கிறது. பாடம் இருக்கிறதா என்பது தேர்வறையில் தெரிகிறது.

இவ்வளவு சொன்னமையால் இக்கருவியின் கொடையை நாம் மறந்ததாக எண்ண வேண்டா. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் உருவாகி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் அமைப்பும், 2005இல் ஈழத்து நூல்களைக் காக்கத் தொடங்கிய நூலகத் திட்டமும், சிற்றூர் மாணவனின் உள்ளங்கைக்கு நூல்களைக் கொணர்ந்துள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டப் பெருநூலகம் தேடிப் பேருந்து ஏறிய காலம் ஒன்றிருந்தது. பார்வையற்ற மாணவர்க்குத் திரைவாசிப்பான் கண்ணாகவே அமைந்துள்ளது. ஆனால் இக்கொடைகளைப் பெறுவோர், பெரும்பாலும், வாசிப்பு வசப்பட்ட பின்னர் திரைக்கு வந்தவர்கள்.

எனவே நாம் வேண்டுவது தடையன்று, வரிசைமுறை. பிள்ளை தடையின்றி ஒரு பக்கம் வாசிக்கும்வரை, குரலால் தேடும் வசதி அதன் கைக்கு வர வேண்டா. தட்டச்சுச் செய்யும் வயதில், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் பழக்கலாம். மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறப்பதை அங்கே விரலே கற்றுக்கொள்கிறது. இலக்கணப் பாடம் ஒன்று செலவின்றி முடிகிறது. வீட்டுப்பாடத்தைப் புலனக் குழுவில் இடுவதை ஆசிரியர்கள் குறைத்துக்கொண்டு, ஏட்டில் எழுதப் பணிக்கலாம். வீட்டில் நாளுக்குக் கால் மணி நேரம் பிள்ளை உரக்க வாசிக்க, பெரியவர் ஒருவர் கேட்கலாம். கேட்பவர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை என்பதைக் காளிக்குப்பம் காட்டிவிட்டது.

இதற்குப் பணம் வேண்டா, அரசாணையும் வேண்டா. அந்தக் கால் மணி நேரம் கேட்பவரும் தம் திறன்பேசியைக் கீழே வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாம் விதிக்க நினைக்கும் கட்டுப்பாடுகளுள் நமக்குக் கடினமானது அதுவாகத்தான் இருக்கும்.