சிகரெட்டை விட்டால் உடல் பெருக்குமா?

சிகரெட்டையும் பீடியையும் விட்டுவிட வேண்டுமென்று விரும்பும் வாலிபர்களில், ஆண்களாயினும் பெண்களாயினும், பலர் ஒரு பயத்தினாலேயே விடாமலிருக்கிறார்கள். விட்டால் உடல் பெருத்துப்போகும் என்பதே அப்பயம். விட்டவர்களிலுங்கூட சிலர் இரண்டு மாதத்தில் சட்டை இறுகக் கண்டு, மறுபடியும் பற்ற வைத்துக்கொள்ளுகிறார்கள். மனிதனுடைய பயத்தை முதலாக வைத்துப் பிழைப்பவன் புரோகிதன் ஒருவன்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிகரெட்டு வியாபாரியும் அவ்வித்தையை நன்றாய்க் கற்றவனேயாவான்.

அமெரிக்காவில் 1928-ம் வருஷத்தில் 'லக்கி ஸ்டிரைக்' கம்பெனியார், மிட்டாய் தின்று பருப்பதைவிடத் தங்கள் சிகரெட்டைப் பிடித்து மெலிந்திருக்கலாம் என்னும் கருத்துப்படப் பெண்களைப் பார்த்து விளம்பரம் செய்தார்கள். மிட்டாய் வியாபாரிகள் இதற்குக் கூச்சல் போட்டார்கள். அதுவும் தங்கள் வியாபாரத்திற்காகவேயன்றி பெண்களின் நுரையீரலுக்காக அல்ல. மறு வருஷம் ஈஸ்டர் பண்டிகையன்று நியூயார்க் வீதியில், அக்கம்பெனிக்கு விளம்பர யோசனை சொல்லிவந்த எட்வர்ட் பெர்னேஸ் என்பவரின் ஏற்பாட்டின்படி, சில பெண்கள் சிகரெட்டு பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அதற்கு 'சுதந்திர தீவட்டி' என்று பெயர்! பெண் விடுதலையில் நமக்குள்ள ஆசை எவருக்கும் குறைந்ததல்ல. ஆனால் அடுப்புப் புகையிலிருந்து வெளிவந்தவளைக் கம்பெனிப் புகையில் கொண்டுபோய் உட்கார வைப்பதா விடுதலை?

நிற்க, அப்பயம் முழுப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. புகையிலையிலுள்ள நிக்கோடின் பசியை அடக்குகிறது; உடல் செலவிடும் சக்தியையும் சற்றுக் கூட்டுகிறது. விட்டவுடன் பசி திரும்புகிறது. செத்துக்கிடந்த நாக்கும் மூக்கும் பிழைத்தெழுந்து, பழங்குழம்பும் ருசிக்கிறது. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2012-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட கணக்குப்படி, மருந்தின் உதவியின்றி விட்டவர்கள் ஒரு வருஷத்தில் சராசரி 4.7 கிலோ ஏறினார்கள். அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. நூற்றுக்குச் சுமார் 16 பேர் இளைத்துமிருக்கிறார்கள்.

இனி மறு தட்டைப் பாருங்கள். பிரிட்டிஷ் டாக்டர்களை 50 வருஷம் கவனித்து 2004-ல் வெளியான கணக்கின்படி, விடாமல் புகைப்பவனுக்குச் சராசரி 10 வருஷ ஆயுள் நஷ்டம். 30 வயதில் விட்டவனுக்கோ அந்நஷ்டம் அநேகமாய் முழுவதுமே தப்புகிறது. நாலைந்து கிலோவுக்குப் பயந்து பத்து வருஷத்தைக் கொடுப்பவனை எந்தச் சந்தையில் புத்திசாலி என்பார்கள்? (நம் கிராமத்துப் பாட்டிகளோ அந்நாலு கிலோவைப் பார்த்து, "உடம்பு தேறிட்டியே ராசா" என்று சந்தோஷப்படுவார்கள்.)

ஆனாலும் ஏறாமலிருக்க வழியுண்டு. விட்ட வாரத்திலேயே பட்டினி கிடக்க ஆரம்பிப்பது மடமை. பசி மிஞ்சினால் புகை ஆசையும் உடன் மிஞ்சும். வேளைக்குச் சாப்பிடுங்கள். நடுவில் வருவது பெரும்பாலும் பசியல்ல, புகை ஆசையேயாகும். சில நிமிஷத்தில் தானே தணியும். அந்நேரத்திற்கு ஒரு செம்புத் தண்ணீரோ, வெள்ளரிப் பிஞ்சோ, கொஞ்ச தூரம் நடையோ போதும். டீக்கடைதான் பெரிய கண்ணி. பீடியை விட்டவன் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஆறு டீயும் நாலு வடையும் உள்ளே தள்ளினால், குற்றம் பீடியை விட்டதிலா? நாளொன்றுக்கு அரைமணி வேகமாய் நடக்கிறவனுக்குப் புகை ஆசையும் குறையும், சதையும் மட்டுப்படும். முடியாதவர்கள் டாக்டரிடம் நிக்கோடின் பசை மிட்டாயைப் பற்றிக் கேட்கலாம். உபயோகிக்கிறவரை அது எடையேற்றத்தைச் சற்றுத் தள்ளிப்போடும்.

தினம் காலையில் எடை மெஷின்மேல் ஏறி நின்று முள்ளைப் பார்த்து நடுங்குவது மட்டும் வேண்டாம். அதற்கும் ராகுகாலம் பார்ப்பதற்கும் வித்தியாசமில்லை. வாரத்திற்கு ஒருமுறை பார்த்தால் போதும்.