தேய்த்துத் தேய்த்துத் தீர்க்கிறோம்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரப்பிங் பாலிஷ் போட்டால் கார் புதுசு போலவே இருக்கும் என்ற நம்பிக்கை பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை வேரூன்றிக் கிடக்கிறது. ஆயுத பூஜை வந்தால் பாலிஷ். வீட்டில் கல்யாணம் என்றால் பாலிஷ். சர்வீசுக்கு விட்டால், "லைட்டா ஒரு ரப்பிங் போட்டுடலாமா சார்?" என்று கேட்கிறார்கள், நாமும் தலையாட்டிவிடுகிறோம். நல்ல வண்டிகளை வீணாக்குகிற நம்பிக்கை இது. மெஷின் பாலிஷ் பெயின்ட்டுக்கு எதையும் சேர்ப்பதில்லை. இருப்பதிலிருந்து எடுப்பதுதான் அதன் வேலை.

எதை எடுக்கிறது என்று பார்ப்போம். தொழிற்சாலையில் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் என்று ஏறி, கடைசியில் நிறமில்லாத கிளியர் கோட் ஏறுகிறது. இத்தனையும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது இந்த மெல்லிய படலம் ஒன்றே. கீறல் உண்மையிலேயே மறைகிறது என்றால், கீறலைச் சுற்றியிருந்த படலம் அதன் அடிமட்டம் வரை இறக்கப்பட்டுவிட்டது என்று பொருள். வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும் வலைக்கீறல்கள் ஆழமில்லாதவை. கவனமாகச் செய்தால் ஓரிரு மைக்ரானோடு வேலை முடியும். கம்பளிப் பேடும் முரட்டு காம்பவுண்டும் வைத்து அழுத்தினால் அதற்கு மேலும் போகும். கதவு விளிம்பிலும் போனட்டின் மடிப்பிலும் பூச்சு ஏற்கெனவே மெல்லிசு. மெஷின் அங்கே ஒரு கணம் கூடுதலாக நின்றாலே அடி நிறம் தெரிந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை என்று பத்து வருடம் இதைச் செய்பவர் கையில் என்ன மிஞ்சும்? ஜிஎஸ்டி ரோட்டில் கூரையும் போனட்டும் வெள்ளையாகத் தோலுரிந்து ஓடுகிற வண்டிகளைப் பாருங்கள். கிளியர் கோட் தோற்றுப்போனால் அப்படித்தான் ஆகும். அதன் பிறகு எந்த பாலிஷும் உதவாது, மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. தொழிற்சாலைப் பூச்சு வெறும் தகடாக இருக்கும்போதே சுமார் 140 டிகிரியில் சுடப்பட்டது. ஒயரும் பிளாஸ்டிக்கும் டயரும் மாட்டிய வண்டியை எந்த வொர்க்‌ஷாப்பும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது. 60, 80 டிகிரியோடு நிறுத்தியாக வேண்டும். முதல் பூச்சு போனால் போனதுதான்.

இந்தப் பழக்கம் ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, நம் வண்டலூர் பக்கத்தில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டு ஆகியவற்றில் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல்தோல். வெயிலில் அது சுண்ணாம்பு போல வெளுத்துப் பொடியும். தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும். உள்ளிருந்து உயிருள்ள பெயின்ட் வெளிவரும். நம் அப்பாக்கள் தேய்த்ததில் நியாயம் இருந்தது. வண்டிகளின் பூச்சு மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறாமல் அப்படியே கைமாறி வந்திருக்கிறது.

சரி, இந்த வலைக்கீறல் எங்கிருந்து வருகிறது? பெயின்ட்டுக்கு வயதானதால் வருவதில்லை. வெயிலில் நிற்பதால் வருவதில்லை. நாம் தூசியோடு துடைப்பதால் வருகிறது. அந்தத் தூசி எது என்று பாருங்கள். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் பாறை சார்னோகைட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறையில் இருப்பதும் இதே வகைக் கல்தான் என்று கண்டு, புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் சார்னாக்கின் பெயரையே இதற்கு வைத்தார். இதில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் அளவில் அதன் கடினம் 7, எஃகையே கீறக்கூடியது. கிளியர் கோட் அதன் முன் எம்மாத்திரம்? இந்தப் பக்கத்துக் குன்றுகளைப் பல தலைமுறைகளாக உடைத்து ஜல்லியாக்கினோம். இப்போது தெருவுக்குத் தெரு எழும் அடுக்குமாடிகளுக்கு எம்-சாண்ட் வந்து இறங்குகிறது. நொறுக்கப்பட்ட பாறை என்பதால் ஆற்று மணலைவிட அதன் முனைகள் கூர். ராத்திரியெல்லாம் வண்டி மேல் படிவதில் இந்தத் தூளும் இருக்கிறது. காலையில் அதன் மேல் ஒரு பனியன் துணியை இழுத்தால், அந்தத் துணி உப்புத்தாள்.

வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டக் கீறல், நேராகத் துடைத்தால் ஒன்றும் ஆகாது என்றும் பலர் நம்புகிறார்கள். அதுவும் தவறு. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. சூரியனோ தெருவிளக்கோ பெயின்ட்டில் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி, ஒளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் நம் கண்ணுக்கு மின்னுகின்றன. அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும்.

பாலிஷ் திரும்பத் திரும்பத் தேவைப்படுவது போலத் தோன்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவசர வேலையில் கீறல் முழுதும் போவதில்லை. காம்பவுண்டிலும் மெழுகிலும் உள்ள எண்ணெய்ப் பசை கீறலுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. டெலிவரி எடுக்கும்போது கண்ணாடி. நாலு வாட்டர் வாஷில் பசை கழுவிப்போக, பழைய வலை வெளியே வருகிறது. கூடவே சுழல் மெஷின் விட்ட அலைக்கோடுகளும் வெயிலில் தெரிகின்றன. உடனே, "பாலிஷ் போட்டு ஆறு மாசம் ஆச்சு இல்ல, அதான்" என்று அடுத்ததற்கு ஏற்பாடு. பூச்சும் போயிற்று, கீறலும் போகவில்லை.

அடுக்குமாடியில் விடியற்காலை வண்டி துடைக்கிறவர் மேல் பழி போடுவது அநியாயம். ஒரு பக்கெட் தண்ணீரில் வரிசையாகப் பத்துப் பதினைந்து வண்டியை ஆபீஸ் நேரத்துக்குள் முடிக்கச் சொன்னது நாம். தினமும் தூசி தெரியக் கூடாது என்று கேட்டதும் நாம். அதே சம்பளத்தை முழுதாகக் கொடுத்து, தினசரித் துடைப்பை நிறுத்தி, வாரம் ஒரு முறை நன்றாகக் கழுவச் சொல்லலாம். முதலில் தண்ணீர் தெளித்து மண்ணை இறக்க வேண்டும். ஷாம்புக்கு ஒரு பக்கெட், துணி அலச இன்னொன்று. மைக்ரோஃபைபர் துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அது வண்டியைத் தொடக் கூடாது. நம் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும், அதனால் நிழலில் கழுவி உடனே ஒற்றி எடுக்க வேண்டும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த ஊர் இது, தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செடிக்கு மருந்தடிக்கும் கைப் பம்ப் ஒன்றில் சில லிட்டர் இருந்தால் தூசி இறங்கிவிடும். அதுவும் இல்லாத நாளில் தூசியோடே ஓட்டுங்கள். தூசி பெயின்ட்டின் மேல் சும்மா கிடக்கும்வரை கீறாது.

மெஷின் பாலிஷே கூடாது என்பதல்ல என் வாதம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கோ, செராமிக் கோட்டிங் போடும் முன்போ ஒரு முறை, கழுவி, களிமண் கட்டியால் ஒட்டுமண்ணை எடுத்துவிட்டு, மென்மையான பேடில் ஓரத்தில் சோதித்துப் பார்த்துச் செய்தால் அது நல்ல கைவேலை. நகம் மாட்டும் ஆழமான கீறலை விட்டுவிடத் தெரிந்தவரே நல்ல வேலைக்காரர். ஆனால் பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி இல்லாத கடையில் யாரும் மெஷினை எடுக்கக் கூடாது. பேனலுக்குப் பேனல் முன் அளவையும் பின் அளவையும் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.