கொழுப்பது தசையா, வியாபாரமா?

மில் வாசலிலும் களத்து மேட்டிலும் வாலிபர்கள் வாயில் இன்று ஒரு சொல் புரளுகிறது: 'பல்க்கிங்'. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் தின்பது, நாலைந்து மாதத்தில் பத்துப் பதினைந்து கிலோ ஏற்றுவது, பிறகு அரைப்பட்டினி கிடந்து இறக்குவது, மறுபடி ஏற்றுவது. இதற்குத்தான் அந்தப் பெயர். ஷிப்டு முடிந்து வரும் பையன் சம்பளத்தை புரோட்டீன் மாவு டப்பாவில் கொட்டுகிறான். வீட்டில் தங்கைக்கு முட்டை கிடையாது.

தேகாப்பியாசத்துக்கு நாம் விரோதிகளா? இல்லவே இல்லை. கர்லாக்கட்டை சுழற்றிய ஊர்கள் நம்முடையவை. மகன் சாராயக்கடைப் பக்கம் போகாமல் தண்டால் எடுக்கிறானே என்று மகிழும் தாய்மாரை நாம் அறிவோம். நாம் கேட்பதெல்லாம், இந்த அசுரத் தீனி எதற்கு?

தசைக்கு ஒரு கணக்கு உண்டு. பளு தூக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடச் சாப்பிட வேண்டும். அப்போதும் மெதுவாகத்தான் வளரும். அவசரப்பட்டுத் திணித்தால் மிஞ்சியதெல்லாம் கொழுப்பாகி ஈரலிலும் குடலைச் சுற்றியும் படியும். ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈரல் வீக்கம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவனுக்கு அளவு மீறிய புரதம் மேலும் கெடுதல். பழுது இருப்பதே பலருக்குத் தெரியாது!

தீனி போதாதென்று ஸ்டிராய்டு ஊசி வேறு. அது புஜத்தை மட்டும் பார்த்து வளர்க்குமா? இதயமும் தசைதானே! அதன் சுவர் தடிக்கிறது, விதை சுருங்குகிறது. ஸ்டிராய்டு பழகிய டல்லாஸ் மெக்கார்வர் என்ற அமெரிக்கப் பயில்வான் 2017ல் 26 வயதில் மாண்டார். பரிசோதனையில் அவர் இதயம் 800 கிராமுக்கு மேல் இருந்தது. சாதாரண ஆணுக்கு 300, 350 கிராம்.

வங்காளத்து மனோகர் ஐச் 1952ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் பெற்றவர். வெள்ளைக்காரன் சிறையிலேயே உடம்பைத் தேற்றியவர். சாப்பாடு சோறு, பருப்பு, மீன், பால். 2016ல் காலமானபோது வயது 104. ஒருவரை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் டப்பா இல்லாமல் புஜம் வராது என்பவனுக்கு இந்த ஒருவர் போதும்.

அந்த டப்பாவில் இருப்பதென்ன? பாலாடைக்கட்டி ஆலைகள் ஒரு காலத்தில் சாக்கடையில் கொட்டிய, பன்றிக்கு ஊற்றிய தெளிநீரை வடித்து உலர்த்திய பொடி! விஷம் என்று நாம் சொல்லவில்லை, புரதம் உண்டு. ஆனால் 2024ல் நம் நாட்டில் விற்கும் 36 சரக்குகளை ஆராய்ந்தபோது, சுமார் 70 சதவீதத்தில் லேபிள் சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. உடம்பு ஏற்ற இந்த மாவுகள் வேண்டாமென்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதே ஆண்டு சொல்லிவிட்டது.

அந்நிறுவனத்தின் கணக்குப்படி 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் போதும். பளு தூக்குகிறவனுக்குக் கூடுதலாக வேண்டும்தான். 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறதே! நாள் முழுவதும் நெல் மூட்டை சுமக்கும் தோழனுக்கு அந்த 50 கிராமாவது கிடைக்கிறதா என்று எந்த டப்பாக் கம்பெனி கேட்டது?

ஏற்கெனவே இதில் இறங்கிவிட்ட தம்பிகள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியேட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிம்மில் போட்ட ஊசியின் பெயரை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. காலி டப்பாவையும் கையோடு கொண்டு போகலாம்.