மறதி நோயும் உயிரணுவின் துப்புரவும்

மதிய உணவு உண்டு கை கழுவிய சிறிது நேரத்திற்குள், "எனக்கு இன்னும் யாரும் சோறு போடவில்லையே" என்று வாசலில் நின்று வருவோர் போவோரிடம் முறையிடும் பெரியவர்களை நம்மில் பலர் கண்டிருப்போம். வீட்டு மருமகளுக்கு அது மானக்கேடு, மகனுக்குச் சினம், அண்டை அயலார்க்கோ பேச்சுக்கு ஒரு பொருள். "மூப்பு வந்தால் மறதி வரத்தானே செய்யும்" என்று ஒரு சாராரும், "வேண்டுமென்றே செய்கிறார்" என்று மற்றொரு சாராரும் கூறுவர். இவ்விரு கூற்றும் பிழை என்பதே நம் கருத்து. அதனை விளக்க, மூளையின் உயிரணுக்களுக்குள் நடைபெறும் துப்புரவுப் பணியைச் சற்று உற்று நோக்க வேண்டியுள்ளது. தமிழ்த்துறை மலரில் உயிரியலுக்கு என்ன வேலை என்று வினவுவோர் பொறுத்தருள்க. நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் செய்தியைத் தமிழில் பேசாமல் வேறு எம்மொழியில் பேசுவது?

1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவருக்கு அப்போது வயது 51. நினைவு குலைந்த அவரை ஆராய்ந்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர். 1906இல் அவர் மறைந்த பின், அவர்தம் மூளையை நுண்ணோக்கியில் கண்ட அல்சைமர், உயிரணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டான படிவுகளையும், உள்ளே முறுக்கிய நூல் போன்ற சிக்கல்களையும் கண்டு உலகிற்கு அறிவித்தார். முன்னது அமிலாய்டு பீட்டா என்னும் புரதம் என்பதும், பின்னது டௌ என்னும் புரதம் என்பதும் பல்லாண்டுகள் கழித்தே தெரியவந்தன. கைநடுக்கமும் உடல் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோயிலோ ஆல்பா சைநூக்ளின் என்னும் வேறொரு புரதம் திரண்டு கட்டியாகிறது. நோய்கள் வேறு, புரதங்கள் வேறு. ஆயினும் அகற்றப்பட வேண்டியது அகற்றப்படாமல் தங்கிப்போதல் இவற்றிற்கெல்லாம் பொது.

அங்ஙனமாயின், அகற்றும் பணியைச் செய்வது எது? பெல்ஜியம் நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ், 1955இல், எலியின் ஈரலை ஆராயுங்கால், செரிமான நொதிகள் நிறைந்த நுண்பைகள் உயிரணுவுக்குள் இருத்தலைக் கண்டு அவற்றிற்கு லைசோசோம் என்று பெயரிட்டார். உயிரணு தன் பழுதுற்ற உறுப்புகளையும் பயனற்ற புரதங்களையும் ஒரு சவ்வுப் பையில் சுற்றிக் கட்டி, அந்த லைசோசோமிடம் சேர்ப்பித்துச் செரித்துக் கொள்கிறது. இதற்கு ஆட்டோபேஜி, அஃதாவது தன்னுண்ணல், என்ற பெயரை 1963இல் அவரே வழங்கினார். இப்பணியை ஆளும் மரபணுக்கள் எவை என்பது அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் புலப்படவில்லை. ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டைப் பட்டினியிட்டு ஆராய்ந்து, 1993இல் அவற்றுள் 15ஐக் கண்டறிந்தார். 2016இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஈஸ்ட்டுக்கும் நம் வீட்டுப் பெரியவருக்கும் என்ன தொடர்பு? 2006இல் ஜப்பானிய ஆய்வுக் குழுக்கள் இரண்டு இதற்கு விடை தந்தன. சுண்டெலிகளின் நரம்பணுக்களில் மட்டும் தன்னுண்ணலுக்கு வேண்டிய மரபணு ஒன்றை நீக்கிப் பார்த்தனர். நோய்ப்புரதம் எதனையும் புகுத்தவில்லை. துப்புரவு நின்றது ஒன்றே குறை. அவ்வளவிலேயே புரதக் குப்பை திரண்டது, நடை தடுமாறிற்று, நரம்பணுக்கள் மடிந்தன. குப்பை சேர்வதற்கு மிகையான உற்பத்தி வேண்டுவதில்லை, அள்ளுவோர் இல்லாமையே போதும் என்பது இதனால் விளங்கிற்று.

நரம்பணுவின் நிலை ஏனைய உயிரணுக்களினும் இரங்கத்தக்கது. தோலின் உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதன் குப்பையும் இரண்டு பங்காகிக் குறையும். பெரும்பாலான நரம்பணுக்களோ பிரிவதே இல்லை. நாம் பிறந்த நாளில் இருந்தவையே எண்பதாம் அகவையிலும் உழைக்கின்றன. மேலும், சில நரம்பணுக்களின் ஆக்சான் என்னும் நீண்ட இழை, முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. இழையின் நுனியில் கட்டப்பட்ட கழிவுப் பை அவ்வளவு தொலைவும் பின்னோக்கி இழுத்து வரப்பட வேண்டும். வலிமையான லைசோசோம்கள் உயிரணுவின் உடற்பகுதியை அடுத்தே மிகுதி. கால்வாய் தூர்ந்தால் முதலில் வாடுவது கடைமடை என்பதை உழவர்க்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நரம்பணுவுக்கும் அதே கதிதான்.

இங்கு நுட்பமான செய்தி ஒன்றுண்டு. அல்சைமர் நோயாளிகளின் மூளையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தோர், கழிவுப் பைகள் குறைந்திருக்கக் காணவில்லை. செரிக்கப்படாமல் அவை மலிந்து கிடக்கவே கண்டனர். 2022இல் வெளியான சுண்டெலி ஆய்வு, லைசோசோமின் அமிலத்தன்மை குன்றுவது, வெளியே அமிலாய்டு திட்டுகள் தோன்றுவதற்கும் முற்பட்டது என்று காட்டிற்று. அள்ளுவோர் அள்ளிக்கொண்டுதான் இருக்கின்றனர், கொட்டுமிடம் கதவடைத்துவிட்டது. இந்நிலையில் மேலும் மேலும் அள்ளச் செய்தால் வண்டிகள் தெருவை அடைத்து நிற்குமேயன்றித் தெரு தூய்மையாகாது. ஆகவே, தன்னுண்ணலைப் பெருக்கினால் போதும், நோய் நீங்கும் என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது.

ஆனால் எளிதாகச் சொல்வோர்க்குத்தான் இன்று குறைவில்லை. மூளைக் கழிவை அகற்றுவதாகக் கூறும் மாத்திரைகளும் பொடிகளும் விற்கப்படுகின்றன. நோன்பு நோற்றால் மறதி நோய் அணுகாது என்று நோபல் குழுவே சான்று வழங்கிவிட்டது போன்ற செய்திகள் கைப்பேசி வழியே ஊர் சுற்றுகின்றன. ஓசுமி ஆராய்ந்தது ஈஸ்ட்டை. பரிசு, தன்னுண்ணலின் இயக்கத்தைக் கண்டதற்கு. சுண்டெலிகளைப் பட்டினியிட்டுச் செய்த ஆய்வுகளே மூளையைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன: ஈரலிலும் தசையிலும் தன்னுண்ணல் பெருக, மூளையில் மாற்றமில்லை என்றது 2004ஆம் ஆண்டின் ஆய்வு, மூளையிலும் பெருகியது என்றது 2010ஆம் ஆண்டின் ஆய்வு. நோன்பு இறைவனுக்காக நோற்கப்படுவது. அதற்கு ஈஸ்ட்டின் சான்றிதழ் வேண்டும் என்று கருதுவது, வணக்கத்திற்கும் சிறப்பன்று, அறிவியலுக்கும் சிறப்பன்று. இச்செய்தியை நம்பி, இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர் ஒருவர் நோயாளிக்குரிய சலுகையைத் துறந்து பட்டினி கிடப்பாராயின், அதன் விளைவு மறதியினும் கொடிதாக முடியலாம்.

உறக்கத்தின் கதையும் இவ்வாறே. உறங்குங்கால் மூளையின் கழிவு விரைந்து கழுவப்படுகிறது என்று 2013இல் சுண்டெலி ஆய்வு கூறியது. உறக்கத்தில் அது குறைகிறது என்று 2024இல் மற்றொன்று மறுத்தது. நல்லுறக்கம் வேறு பல காரணங்களால் நன்றே, அதனை மறுப்பாரில்லை.

மருந்தே இல்லையோ எனின், அமிலாய்டு திட்டுகளைக் கரைக்கும் லெகனமாப் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்தது. தொடக்க நிலை நோயாளிகளிடம் 18 மாதங்களில், நோயின் சரிவு 27 விழுக்காடு மெதுவாயிற்று. சரிவு நிற்கவில்லை, இழந்த நினைவு மீளவில்லை, சிலர்க்கு மூளையில் வீக்கமும் சிறு குருதிக் கசிவும் ஏற்பட்டன. வெளியே கிடந்த குப்பையை அள்ளியதால் கிட்டிய பயன் இவ்வளவே. உள்ளே கதவடைத்த லைசோசோமைத் திறக்கும் மருந்து இன்னும் ஆய்வுக்கூடத்தைக் கடந்து மருந்துக் கடைக்கு வரவில்லை.

இனி, தொடங்கிய இடத்திற்கு வருவோம். 2023இல் வெளியான மதிப்பீடு ஒன்று, நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுற்றோர் என்கிறது. அகவை ஏற ஏற நோயின் வாய்ப்பு ஏறுவது உண்மை. எனினும் 100 பேரில் 92 பேருக்கு இல்லாத ஒன்றை மூப்பின் இயல்பு என்று எவ்வாறு கூறுவது? அது நோய். நோயாதலின், அப்பெரியவர் வேண்டுமென்றே செய்கிறார் என்ற பழியும், மருமகள் சோறிடவில்லை என்ற பழியும் ஒருங்கே விழுந்துபோகின்றன. உண்ட நினைவு பதியாதவரிடம் "இப்போதுதானே உண்டீர்கள்" என்று வழக்காடுவதில் பயனில்லை. சிறிது பாலோ ஒரு பழமோ கொடுத்து உள்ளே அழைத்துச் செல்வதில் யாருக்கும் இழப்பில்லை.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு, 2024இல், உலகின் மறதி நோய்களுள் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு எனக் கணித்து, அதன்பொருட்டுக் கவனிக்க வேண்டிய 14 காரணிகளைச் சுட்டியது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், காது கேளாமை, தனிமை ஆகியன அவற்றுட் சில. இளமையில் கல்வி குறைதலும் அப்பட்டியலில் உள்ளது. கல்லூரி மலரில் இதனை எழுதுவதில் நமக்குச் சிறு மகிழ்ச்சியும் உண்டு.

மறதி என்று வருவோருள் சிலர்க்குத் தைராய்டு குறைவோ, வைட்டமின் பி12 குறைவோ, உள்ளச் சோர்வோ, உண்ணும் மாத்திரைகளின் பக்க விளைவோ காரணமாயிருப்பதுண்டு. இவை மருத்துவத்தால் சீராகக் கூடியவை. இவற்றுள் முதலிரண்டையும் எளிய குருதிச் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும். மூளைக் கழிவை அகற்றும் என்று சொல்லி விற்கப்படும் ஒரு புட்டியை வாங்குமுன், வாசலில் நிற்கும் அப்பெரியவருக்கு இச்சோதனைகள் செய்தாயிற்றா என்று வீட்டார் கேட்டுக்கொள்வார்களாக.